வெளிநாட்டுச் சொந்தங்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மற்ற நாட்களில் அப்பாயியும் நானும் என் மனைவியும் மட்டுமே புழங்கும் அந்த வீட்டில், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டிசம்பர் கடைசியில் நியூஜெர்சியிலிருந்து சித்தப்பா குடும்பமும், மெல்போர்னிலிருந்து அக்கா குடும்பமும், சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் குடும்பமும் வந்து சேர்கின்றன. அவர்களைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருபவர்களையும் கூட்டினால் 24 பேர் ஆகிவிடும். இந்த ஏற்பாட்டை நான்கு முறை என் தலையில் போட்டுக்கொண்டு செய்திருக்கிறேன். முதல் முறை பட்ட பாட்டில் பாதி, முன்கூட்டியே எழுதி வைக்காததால் வந்தது. வரவேற்பவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன் என்றாலும், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் வருபவர்களும் ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

எந்த நாட்களில் கூடுவது

பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் பெரியவர்களின் ஆசை. ஆனால் நாட்களைத் தீர்மானிப்பது பிள்ளைகளின் பள்ளிதான். அமெரிக்கப் பள்ளிகள் கிறிஸ்துமஸை ஒட்டி மூடி ஜனவரி முதல் வாரத்தில் திறந்துவிடுகின்றன. சிங்கப்பூரில் நவம்பர் பின்பகுதியில் தொடங்கும் ஆண்டிறுதி விடுமுறை டிசம்பரோடு முடிகிறது. ஆஸ்திரேலியாவில் மட்டும் அது கோடைக்காலம் என்பதால் ஜனவரி கடைசி வரை விடுமுறை உண்டு. ஆகவே ஜனவரி 14 அல்லது 15-இல் வரும் பொங்கலுக்கு மெல்போர்ன் பிள்ளைகள் இருப்பார்கள், நியூஜெர்சிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை விழுவதால், எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூட வாய்ப்புள்ள நாட்கள் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரைதான். பண்டிகையை விட்டுக்கொடுத்து இந்த ஒன்பது நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நாட்கள் முழுவதும் மார்கழி. வந்த கையோடு பிள்ளைக்குக் காது குத்திவிடலாம், புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிவிடலாம் என்று வருபவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலான குடும்பங்களில் மார்கழியில் சுப காரியம் செய்வதில்லை. காதுகுத்துத்தான் முக்கியம் என்றால் ஜூன், ஜூலை விடுமுறைக்கு மாற்றுங்கள். அப்போதும் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும் என்பதால், ஆனி முடிவதற்குள் வரும் ஒரு முகூர்த்தத்தைத் தேட வேண்டியிருக்கும். பிள்ளையை மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டுமே, அவர் வளைகுடாவில் இருந்தால் அவருடைய விடுப்பையும் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிக்க முடியும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது மட்டும் நோக்கம் என்றால் ஆடியே நல்ல மாதம்.

நாளைக் குறிப்பதற்கு முன் இன்னொன்றையும் விசாரித்துவிட வேண்டும். பங்காளி வீடுகளில் ஓராண்டுக்குள் இறப்பு நேர்ந்திருந்தால் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு அது வாட்ஸப்பில் வந்துபோன ஒரு செய்தியாக மட்டும் நினைவிருக்கும். பட்டாசோடும் கேக்கோடும் புத்தாண்டு கொண்டாட அவர்கள் திட்டமிட்ட பிறகு சொல்வதைவிட, முதலிலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

நாட்களைப் பங்கிடும் நோட்டு

மூன்று வார விடுப்பில் வருபவருக்குப் பயணத்துக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் போக மிஞ்சுவது ஏறத்தாழ 16 நாட்கள். அந்த 16 நாட்களுக்கு எத்தனை பேர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பெற்றோர், மாமனார் வீடு, உடன்பிறந்தவர்கள், குலதெய்வம், பல் மருத்துவர், வங்கி, ஜவுளிக்கடை, கல்லூரி நண்பர்கள் என்று பட்டியல் நீளும். குடும்பச் சந்திப்புகளில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி, “எங்கள் வீட்டுக்கு வரவில்லை”, “வந்தும் உட்காரவில்லை” என்பதாகவே இருக்கும். எனவே முதல் வேலையாக ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு நாளாகத் தேதி போட்டு, காலை, மதியம், இரவு என்று மூன்றாகக் கோடு கிழித்துவிடுங்கள்.

அந்த நோட்டில் முதலில் எழுத வேண்டியது நம் வீட்டு நிகழ்ச்சியை அன்று. மருமகளாக வருபவர் தம் தாய்வீட்டில் தங்கும் நாட்களை முதலில் எழுதுங்கள். சித்தி வந்த முதல் முறை, “இடையில் ஒரு நாள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்” என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புறப்படும் நாளன்று தம் அம்மாவிடம் தொலைபேசியில் அழுததை நாங்கள் அனைவரும் கேட்டோம். அதற்குப் பிறகு அவருடைய தாய்வீட்டுக்கு ஐந்து நாட்கள், அதுவும் அவர் கேட்கும் ஐந்து நாட்கள், என்று எழுதிய பின்பே மற்றவற்றை எழுதுகிறோம்.

அடுத்து, நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டிய வீடுகளைக் குறியுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீடு, குடும்பத்தில் மூத்தவர் வீடு, துக்கம் நடந்த வீடு ஆகிய மூன்று வகை மட்டுமே இதில் சேரும். துக்கம் விசாரிக்கும் வீட்டுக்கு, விருந்து எதுவும் தொடங்குவதற்கு முன்பே போய்விடுவது முறை. செவ்வாய், வெள்ளியில் போவதில்லை என்று எங்கள் பக்கம் பார்ப்பார்கள். விடைபெறும்போது “போய்ட்டு வர்றேன்” என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும் என்பதை, வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வண்டியில் போகும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் அக்கா மகன் மிகுந்த மரியாதையோடு ஒவ்வொருவரிடமும் போய் நின்று அதையே சொல்லி விடைபெற்றான். கற்றுக்கொடுத்த பண்பாடு அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மற்ற அத்தனை பேருக்கும் ஒரே நாளை ஒதுக்கி, அன்று மதியம் நம் வீட்டில் பந்தி போட்டுவிடுவதுதான் உத்தமம். வீடு வீடாகப் போனால் ஒவ்வொரு வீட்டிலும் கேசரியும் காப்பியும் கட்டாயம். நான்காவது வீட்டில் “ஒன்றும் வேண்டாம்” என்று சொன்னால், மற்ற வீட்டில் சாப்பிட்டுவிட்டு இங்கே மறுத்ததாகிவிடும். எப்படியும் போகத்தான் வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மட்டும் சாப்பாடு, இன்னொரு வீட்டில் காப்பி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு நாட்களுக்கு ஒரு நாள் எதையும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். காய்ச்சல், மழை, எதிர்பாராமல் வரும் பள்ளித் தோழன் எல்லாம் அந்த நாளில் அடங்கிவிடும். ஒன்றும் வராவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து பேச அதுவே கிடைக்கும் நாள்.

பயணமும் காகிதங்களும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. குடியுரிமை மாறியவர்களிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் அட்டை) இருக்க வேண்டும், அல்லது அவர்கள் மின்-விசா எடுத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு ஓ.சி.ஐ. இருந்தும் கடைசிப் பிள்ளைக்கு மட்டும் எடுக்காமல் விட்டிருப்பதும், பிள்ளையின் கடவுச்சீட்டு மாறிய பிறகு புது நகலையும் படத்தையும் இணையத்தில் பதிவேற்றாமல் இருப்பதும் வழக்கமாக நடக்கும் தவறுகள். செப்டம்பரிலேயே ஒரு முறை கேட்டு நினைவூட்டுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி விடுதிகளுக்கு மட்டும் உரியதன்று, வீட்டில் தங்கவைப்பவர்களுக்கும் உரியது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 அன்று காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். சென்னையிலிருந்து எங்கள் பக்கம் வரும் மன்னை எக்ஸ்பிரஸ், உழவன் எக்ஸ்பிரஸ் ரயில்களில் விடுமுறை நாட்களுக்கான இடங்களுக்கு அன்று காலையிலேயே பெரும் போட்டி இருக்கும். வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் அங்கிருந்து முயல்வதைவிட, ஊரில் இருக்கும் ஒருவர் கணினி முன் உட்கார்வதே நடக்கும் காரியம். பெயரும் வயதும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே முன்னாலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருபவர்களுக்குத் திருச்சி விமான நிலையமே வசதி. அங்கிருந்து எங்கள் ஊருக்கு இரண்டரை மணி நேரம். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் வளைகுடா வழியாகச் சென்னையில் நள்ளிரவுக்குப் பின் இறங்குவார்கள். அந்த நேரத்தில் அப்படியே காரில் ஏற்றி ஊருக்குக் கிளப்பாதீர்கள். ஏற்கெனவே ஒரு நாள் முழுவதும் தூங்காதவர்களோடு, இரவெல்லாம் காத்திருந்த ஓட்டுநரும் சேர்ந்தால் ஆபத்து. சென்னை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தூங்கி எழுந்து புறப்படட்டும். வண்டி பேசும்போது ஆட்களை மட்டும் எண்ணாமல் பெட்டிகளையும் எண்ணுங்கள். தலைக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்றால் நான்கு பேருக்கு எட்டுப் பெட்டி, 184 கிலோ. ஏழு பேர் உட்காரும் காரில் நான்கு பேரும் எட்டுப் பெட்டியும் அடங்காது. மேலே கேரியர் வேண்டும், அல்லது டெம்போ டிராவலர் வேண்டும்.

தண்ணீர், கழிவறை, மின்சாரம்

சுவருக்கு வெள்ளையடிப்பதும் திரைச்சீலை மாற்றுவதும் இரண்டாம்பட்சம். மூன்று பேர் வாழும் வீட்டில் 24 பேர் புழங்கும்போது முதலில் கைவிரிப்பது தண்ணீரும் கழிவுநீர்த் தொட்டியும்தான். நகர்ப்புற வீடுகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. அந்தக் கணக்கில் 24 பேருக்கு 3,240 லிட்டர் வேண்டும். மாடியில் இருப்பது 1,000 லிட்டர்த் தொட்டி என்றால் ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் மோட்டார் போட வேண்டியிருக்கும். அதற்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். விடிகாலை, பதினொரு மணி, மாலை ஆறு மணி என்று நேரத்தைக் கட்டிவிட்டால், தலையில் ஷாம்பூவோடு யாரும் குளியலறையிலிருந்து கூவ மாட்டார்கள்.

செப்டிக் டேங்க்கை ஆட்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே லாரி வைத்து எடுத்துவிடுங்கள். நாங்கள் இதை முதல் முறை நினைக்கவே இல்லை. டிசம்பர் மழையில் நிலம் ஊறி நீர்மட்டம் மேலே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கீழ்க் கழிவறைப் பீங்கானில் தண்ணீர் இறங்காமல் நின்றது; மதியத்துக்குள் குளியலறைச் சல்லடை வழியாகக் குமிழ் குமிழாக மேலே வந்தது. அன்று புத்தாண்டு, எந்த லாரிக்காரரும் தொலைபேசியை எடுக்கவில்லை. 24 பேரும் பக்கத்து மூன்று வீடுகளுக்கு வரிசையாகப் போய்வந்தோம். உறவு பலப்பட்டது என்று சித்தப்பா இன்றும் சொல்வார்.

குளியலறைக்கு நேரப் பட்டியல் போடுவது கேலியாகத் தோன்றினாலும் போடுங்கள். மேற்கத்தியக் கழிவறை ஒன்றே இருந்தால் அதை முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் பழைய பழக்கத்தை மீட்டுக்கொள்ளட்டும்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே. நம்மிடம் வருவது 230 வோல்ட், அமெரிக்காவில் 120. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்குச் செருகியை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். தலைமுடி உலர்த்தும் கருவி, முடி நேராக்கும் கருவி ஆகியவற்றில் 120 மட்டுமே போட்டிருந்தால் அடாப்டரால் பயன் இல்லை. சித்தப்பா மகளின் உலர்த்தி எங்கள் வீட்டில் நான்கு விநாடி உறுமியது, பிறகு கருகிய நாற்றம் மட்டும் ஊஞ்சல் கூடம் வரை வந்தது. ஊரில் ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது.

மெத்தை, தலையணை, ஜமக்காளம் எல்லாம் பந்தல் சாமான் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். கொசுவலையை மட்டும் வாடகைக்கு நம்பாமல் வாங்கிவிடுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது என்பதால், பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும். வாசலில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்துவது அதைவிட முக்கியம்.

அடுப்பங்கரை

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய விடுமுறைகளில் ஆண்கள் திண்ணையில் பழங்கதை பேசுவதும், அந்த வீட்டு மருமகள் ஒன்பது நாளும் அடுப்படியில் நிற்பதும்தான் வழக்கமாக இருந்து வருகிறது. வந்திருக்கும் ஓரகத்திகள் உதவத்தான் செய்வார்கள், ஆனால் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுச் செய்வது இன்னொரு வேலையாகிவிடும். ஆகவே சமையலுக்கு ஒரு மாஸ்டரையும் பாத்திரம் கழுவ இருவரையும் முன்பணம் கொடுத்துப் பிடித்து வையுங்கள். மார்கழியில் திருமணங்கள் இல்லாததால் சமையல்காரர்கள் எளிதில் கிடைப்பார்கள் என்பது இந்த மாதத்தின் பெரிய வசதி. மதியச் சாப்பாட்டை அவரிடம் விட்டுவிட்டு, காலைப் பலகாரத்தையும் காப்பியையும் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

மதியத்துக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்பது எங்கள் மாஸ்டர் கணக்கு, ஆக 24 பேருக்கு மூன்று கிலோ. காப்பிக்கும் தயிருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நாளைக்கு எட்டு லிட்டர் பால் ஆகும். பால்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும், அன்று காலையில் கேட்டால் அவர் எங்கே போவார்?

வருபவர்களில் யாருக்கு எந்த உணவு ஆகாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே வளரும் பிள்ளைகளில் சிலருக்கு நிலக்கடலை அல்லது முந்திரி ஒவ்வாமை உண்டு. அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது நம் பக்கம் பலருக்கும் புரிவதில்லை. “கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகும்” என்று அன்போடு ஊட்டிவிடுவார்கள். சட்னியில் அரைத்த கடலையும், தாளிக்கும் கடலெண்ணெயும், பாயசத்து முந்திரியும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும். மாஸ்டரிடம் பெயர் சொல்லி, பிள்ளையை நேரில் காட்டிச் சொல்லுங்கள். அவசர ஊசி மருந்தை வருபவர்கள் கையோடு கொண்டுவரட்டும்.

முதல் இரண்டு நாள் இட்லி, இடியாப்பம், பருப்புச் சாதம், ரசம், தயிர்ச்சாதம் என்று காரம் குறைத்துக் கொடுத்துவிட்டு, பரோட்டாவையும் கோழிக் குழம்பையும் மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். குடிநீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். பல் துலக்கவும் அதையே வையுங்கள். வெளியில் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட சாறு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சொந்த ஊருக்குத்தானே போகிறோம் என்று தடுப்பூசி போடாமல் வருபவர்களுக்கே டைபாய்டு போன்றவை அதிகம் வருகின்றன என்று பயண மருத்துவர்கள் சொல்வதுண்டு. டைபாய்டு ஊசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், பத்து உறைகள் வாங்கி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிடுங்கள்.

தூக்கம் கெட்ட பிள்ளைகளும் மார்கழி விடியலும்

டிசம்பரில் நியூஜெர்சி நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், மெல்போர்ன் ஐந்தரை மணி நேரம் முன்னால். நமக்கு இரவு இரண்டு மணி ஆகும்போது நியூஜெர்சிப் பிள்ளையின் உடம்புக்குப் பிற்பகல் மூன்றரை. அவர்கள் பகலில் சுருண்டு விழுவார்கள். மெல்போர்ன் பிள்ளைகளோ மாலை ஆறு மணிக்கே சாதத் தட்டில் தலை கவிழ்ந்துவிடுவார்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் குடும்பக் கூட்டம், கேக் வெட்டு என்று வைத்தால் ஒரு பாதிப் பிள்ளைகள் அழும், மறுபாதி தூங்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருசேர விழித்திருப்பது நம் நேரப்படி இரவு ஒன்றரையிலிருந்து காலை ஏழரை வரைதான். அவர்களைத் திட்டித் தூங்கவைக்க முயலாதீர்கள். மார்கழியில் அப்பாயி நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஐந்து பிள்ளைகளும் வெளியே வந்து நின்றார்கள். பனி இறங்கி எதிர்வீட்டுக் கூரையே தெரியாத அந்த நேரத்தில், புள்ளி வைக்க ஒருவருக்கு, கோலமாவுக் கிண்ணம் பிடிக்க ஒருவருக்கு, சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப் பூவைச் செருக ஒருவருக்கு என்று அப்பாயி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சாணியைத் தொட முதல் நாள் அலறிய பிள்ளை மறுநாள் அந்த வேலையைக் கேட்டுச் சண்டை போட்டது. பெருமாள் கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்குத் தொடங்கும். பொங்கல் கொடுக்கும்போது வரிசையில் முதலில் நின்றது நம் வீட்டுப் பட்டாளம்தான். குடும்பத்தின் முக்கியமான கூடுகையை முதல் மூன்று நாட்களுக்கு விடியலுக்கு மாற்றிவிடுங்கள். பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் வெயிலில் விளையாட விட்டால் நாலைந்து நாளில் ஓரளவு சரியாகிவிடும்.

என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது

ஆங்கிலத்தில் எல்லோரும் ‘கசின்’, எல்லோரும் ‘அங்கிள்’. நம் வீட்டில் சித்தப்பா மகள் தங்கை, அத்தை மகள் முறைப்பெண். இந்த வேறுபாடு தெரியாமல் பிள்ளைகள் திகைப்பார்கள். பெரியவர்கள் “இவர் யார், சொல் பார்ப்போம்” என்று தேர்வு வேறு வைப்பார்கள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஓர் அட்டையில் எல்லோருடைய படத்தையும் ஒட்டி, கீழே அந்தப் பிள்ளை என்ன முறை சொல்லி அழைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரே ஆளை அக்கா பிள்ளைகள் மாமா என்றும் அண்ணன் பிள்ளைகள் சித்தப்பா என்றும் அழைப்பார்கள் என்பதால் குடும்பத்துக்கு ஓர் அட்டை வேண்டும். எங்கள் அட்டை அவர்களில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளியில் செய்முறைப் பாடமாகவே ஆகிவிட்டது.

தமிழ் தடுமாறும் பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திப் பேசச் சொல்லாதீர்கள். இருபது ரூபாயைக் கொடுத்து, ஊர்ப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு அனுப்பி, கடையில் கடலை மிட்டாய் வாங்கிவரச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பேச்சு தானாக வரும். வாசலில் நுழைந்ததும் “என்ன இப்படிப் பெருத்துட்டே”, “கறுத்துப் போய்ட்டே”, “எப்போ கல்யாணம்”, “சம்பளம் எவ்வளவு” என்று கேட்கும் இரண்டு மூன்று அத்தைமார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களைத் திருத்த முடியாது. ஆனால் அவர்கள் மதிக்கும் ஒருவரை விட்டு முன்னதாகவே மெல்லச் சொல்லிவைக்கலாம். வருபவர்கள் தரப்பிலும் தூசி, ஹாரன் சத்தம், குப்பை என்று மூன்று வேளையும் ஒப்பிட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகும்.

பணமும் பரிசும் பத்திரமும்

டாலரில் சம்பாதிப்பவரே எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்ளட்டும் என்ற பேச்சு எழும். அதை நான் ஏற்பதில்லை. செலவு முழுவதையும் ஒருவர் செய்தால் நாள் குறிப்பதும் சாப்பாடு சொல்வதும் அவருடைய விருப்பமாகிவிடும். மற்றவர்கள் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார்கள். நாங்கள் சம்பாதிக்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பங்கு என்று வைத்து, சமையல், வாகனம், வாடகைச் சாமான் மூன்றுக்கும் அந்தப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கிறோம். கூடுதலாகச் செய்ய விரும்புபவர் கோயில் பொங்கலையோ தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் போய்வரும் வேன் செலவையோ ஏற்றுக்கொள்ளலாம். கணக்கு எழுதுபவர் ஒருவராக இருக்கட்டும். நோட்டு எல்லோர் கையிலும் படும் இடத்தில் கிடக்கட்டும்.

பரிசுகளில் வரும் வில்லங்கம் தனி. ஒரு மருமகளுக்குக் கைப்பை, இன்னொருவருக்குச் சாக்லேட் என்று போனால் அது பத்து ஆண்டுக்குப் பேசப்படும். பெண்களுக்கு எல்லாம் ஒன்று, பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்று என்று வாங்குவதும், சேலை, வேட்டியை இங்கேயே கும்பகோணத்தில் வாங்கிக் கொடுப்பதும் மூட்டையையும் மனத்தாங்கலையும் குறைக்கும். ஊரில் இருந்துகொண்டு பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கோ மருமகளுக்கோ தனியாக ஒன்று செய்வது மட்டும் விதிவிலக்கு. அதை எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள்.

வீட்டுப் பங்கு, வயல், பட்டா மாற்றம், பெரியவர்களை யார் வைத்துக்கொள்வது ஆகியவற்றை நேரில் பேச இதைவிட்டால் வாய்ப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் பந்தி நாளன்றும் புறப்படும் முந்தின இரவிலும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நோட்டில் நடுவே ஒரு காலையைக் குறித்து, இன்ன பொருள் பேசப்படும் என்று முன்பே அறிவித்து, பேசியதை அன்றே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

வழியனுப்புதல்

புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே பெட்டியை எடை போடுங்கள். தானியம் அளக்கும் தொங்கு தராசே போதும். முறுக்கு, அதிரசம், சாம்பார்ப் பொடி, நன்றாக மூடிய ஊறுகாய் ஆகியவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் சரக்குப் பெட்டியில் அனுமதியில்லை. பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். அமெரிக்காவுக்கு இங்கிருந்து அரிசியைப் பயணப் பெட்டியில் கொண்டுபோக முடியாது, கருவாடு போன்றவற்றையும் தவிர்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் நுழைவுப் படிவத்தில் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் அங்கேயே குப்பைக்குப் போகும். அப்பாயி தன் கொல்லைக் கறிவேப்பிலையை நாளிதழில் சுற்றி அக்கா பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பது ஒவ்வொரு முறையும் நடக்கும். பூட்டுவதற்கு முன் ஒரு முறை பெட்டியை முழுக்கக் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

வண்டி கிளம்பிய மறுநாளே வாடகை மெத்தைகளை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். நாள் கூடினால் வாடகையும் கூடும். மூன்று நாட்களுக்குள் கணக்கை முடித்து, மீதப் பணத்தை அடுத்த முறைக்கு வைப்பதா, பிரித்துக் கொடுப்பதா என்று கேட்டுச் செய்யுங்கள். அந்த வாரம் வீட்டில் சமைக்க வேண்டாம். நாங்கள் நீடாமங்கலத்தில் ஒரு மெஸ்ஸில் ஏழு நாளைக்குச் சாப்பாடு சொல்லிவிடுகிறோம். கட்டில் அடியிலும் கொடியிலும் விட்டுப்போன சாக்ஸ், சார்ஜர், நீச்சலுடை, பாதி தீர்ந்த ஷாம்பூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, யாருடையது என்று எழுதி, கொசுவலைகளோடு பரணில் ஏற்றிவிடுங்கள்.